வரையாட்டுப் பக்கம்

நவம்பர் 9, ஞாயிறு. சித்தூர், பாலக்காடு.

கிழக்குக் காற்று ஆரம்பம். காலையில் மாட்டுக் கொட்டகை மேல் தென்னை மட்டை விழுந்து ஓடு போச்சு. மாடு அசையவில்லை. நான்தான் அலறினேன்.

ஊறவைத்துக் கழற்றிய ஸ்டாம்புகளைப் பழைய பேப்பர் மேல் காயப்போட்டிருந்தேன். ஒரே வீச்சில் அத்தனையும் சமையலறைக்குள். ஒன்று சாம்பாரில். சரோஜா கரண்டியோடு வந்து நீட்டினாள்.

"ஏனுங்க, இது உங்க ஹங்கேரியா, என்ற கத்திரிக்காயா?"

ஹங்கேரிதான். கழுவினேன். மஞ்சள் போகவில்லை. இந்த வீட்டில் எனக்கென்று சன்னல் சாத்திய ஒரு அறை கிடையாது.

மத்தியானம் மகள் நித்யா போன். மூணாறில் பாங்க் வேலை அவளுக்கு. "அப்பா, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தேவிகுளம் வந்துருங்க. அருண் ஊட்ல வரச் சொல்லியிருக்காங்க." அருண், அவள் கட்டிக்கொள்வேன் என்கிற பையன். தேவிகுளம் தாலுகா ஆபீசில் கிளார்க். ஒருதரம் இங்கே வந்திருக்கிறான். ஆல்பத்தைக் காட்டினேன். நடுவில் கொட்டாவி விட்டான், ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு விட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை.

நான் யோசிப்பதற்குள் சரோஜா போனைப் பிடுங்கி, "வர்றம் கண்ணு" என்றுவிட்டாள்.

போன் என் கைக்குத் திரும்பி, வைக்கும்போது நித்யா சொன்னதுதான் விஷயம். அருணின் அப்பா முத்துராஜ், டீ ஃபாக்டரியில் ரிட்டையர் ஆனவர், எந்நேரமும் கேமராவோடு மலையில்தானாம். எதை எடுப்பார் என்று கேட்டேன். வரையாடு என்றாள்.

வரையாடு!

மத்தியானத் தூக்கம் போச்சு.


நவம்பர் 10, திங்கள்

காற்று ஓயவில்லை. மோட்டார் காயில் புகை. ஆளுக்குச் சொல்லி அனுப்பியாச்சு.

மனசு ஆறட்டும் என்று இதை எழுதிவைக்கிறேன். மேக்ஸிமம் கார்டு என்றால் (இனி மே.கா.) போஸ்ட்கார்டு அளவில் ஒரு படம். படத்தின் முகத்திலேயே, பின்னால் அல்ல, அதே பொருளைக் காட்டும் ஸ்டாம்ப். அதன் மேல் அந்தப் பொருள் வாழ்கிற ஊரின் போஸ்டாபீஸ் சீல், பாதி ஸ்டாம்பிலும் பாதி படத்திலுமாக. படம், ஸ்டாம்ப், ஊர். மூன்றும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஒன்று பிசகினால் வெறும் அட்டை.

என் மிருக ஆல்பத்தில் யானை இருக்கிறது, மயில் இருக்கிறது, சிங்கவால் குரங்கு இருக்கிறது. வரையாட்டுப் பக்கம் மட்டும் காலி. தலைப்பு எழுதி எத்தனையோ வருஷம். ஸ்டாம்ப் கையில் உண்டு, பசை கலையாதது, இரண்டு. அந்த ஆடு வாழ்கிற தேவிகுளம் எங்கேயும் ஓடிப்போகவில்லை. படம்தான் இல்லை. கடையில் விற்கிற கார்டில் ஆடு கடுகு மாதிரி. ஒரு கார்டில் இருந்தது வெள்ளாடு. சத்தியமாக வெள்ளாடு.

நானே ராஜமலைக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். ஆட்டின் பின்பக்கம் நன்றாக வந்தது.

டிசம்பரில் பாலக்காட்டில் எங்கள் ஸ்டாம்ப்காரர்களின் கண்காட்சி வேறு. இந்த வருஷமும் காலிப் பக்கமா?

சாயங்காலம் அண்ணன் போன். "அவங்க என்ன ஆளுங்கன்னு விசாரிச்சயாடா?"

"விசாரிச்சேன். ஸ்டாம்ப் சேர்க்காத ஆளுங்க. அதொண்ணுதான் எனக்கு வருத்தம்."

வைத்துவிட்டார். சரோஜா கதவுக்குப் பின்னால் சிரித்தது கேட்டது.


நவம்பர் 13, வியாழன்

மூட்டை கட்டல். தேங்காய், சரோஜா சுட்ட கச்சாயம், நெல்லிக்காய் ஊறுகாய், எனக்கு ஸ்வெட்டர் (பூச்சி அரித்தது, இருந்தாலும்).

சரோஜாவின் கட்டளைகள், அவள் சொன்னபடியே:
1. ஸ்டாம்ப் பேச்சு எடுக்கக் கூடாது.
2. எடுத்தே தீருவீங்கன்னா சாப்பிட்டப்புறம்.
3. யாரையும் திருத்தக் கூடாது.
4. இது புள்ளையோட வாழ்க்கை.

நான்காவதைச் சொல்லும்போது குரல் மாறியது. நித்யா இதுவரை எங்களிடம் எதையும் அடம்பிடித்துக் கேட்டவள் இல்லை. இதைத்தான் கேட்கிறாள். ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வரையாட்டு ஸ்டாம்பையும் பட்டர் பேப்பர் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். கூடவே சின்னப் பவுடர் டப்பா.

"பவுடர் எதுக்குங்க? நீங்களா மாப்பிள்ளை?"

"சீலுக்கு. பளபளப்பான ஃபோட்டோ மேல மை காயாது. இழுவிக்கும். பவுடரைத் தூவி ஊதிட்டா நிக்கும்."

நெற்றியில் அடித்துக்கொண்டாள்.


நவம்பர் 14, வெள்ளி. தேவிகுளம்.

குளிர். விரல் மடங்கவில்லை, கையெழுத்து கோழி கிளறியது போல.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு. சின்னாறில் காட்டுக்குள் பஸ் நின்றது. யானை என்றார்கள். யானை இல்லை, டயர். மூணாற்றில் நித்யா ஏறிக்கொண்டாள். அம்மாவும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு ஒரே பேச்சு. எனக்குச் சன்னல்.

பஸ் நின்ற இடத்திலேயே முத்துராஜ். ஒல்லி, குரங்குத் தொப்பி, கழுத்தில் கேமரா. கும்பிடுவதற்கு முன்பே என்னை ஒரு படம். "அண்ணாச்சி, வாங்க வாங்க. குளிருதோ?" தன் தோளில் இருந்த வெள்ளைக் கம்பளித் துண்டை எடுத்து என் முதுகில் போர்த்திவிட்டார். மறுக்கத் தோன்றவில்லை. அவ்வளவு கதகதப்பு.

வீடு சின்னது, சுத்தம், சுவரெல்லாம் படம். அவர் மனைவி பேச்சியம்மா, "அவுகளுக்குச் சாப்பாடு வேண்டாம், வெளிச்சம் போதும்" என்றார். சரோஜா, "எங்க ஊட்ல பசை போதுங்க" என்றாள். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து சிநேகிதிகள் மாதிரி சிரித்தார்கள். எங்களைப் பற்றி.

சாப்பிட்டபின் (கட்டளை 2) ஆல்பத்தை எடுத்தேன். முத்துராஜ் பொறுமையாகப் புரட்டினார். பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி:

"இதுல நீங்க என்ன செஞ்சீக அண்ணாச்சி? படம் எவனோ எடுத்தான், ஸ்டாம்பு சர்க்கார் அடிச்சுது, சீலு போஸ்டாபீஸ்காரன் குத்தினான்."

"அப்ப நீங்க என்னங்க செஞ்சீங்க? ஆட்டைச் சாமி படைச்சது, கேமராவை ஜப்பான்காரன் செஞ்சான்."

பெஞ்சுக்கு அடியில் சரோஜா கால் என் காலை மிதித்தது. நித்யா கூரையைப் பார்த்தாள். அருண் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனான், திரும்பிவரவில்லை.

முத்துராஜ் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உள்ளே போய் ஒரு கவரை எடுத்துவந்தார்.

அந்தப் படத்தைப் பற்றி என்ன எழுத! போஸ்ட்கார்டு அளவு. பாறை விளிம்பு, பின்னால் பனி. பெரிய கடா ஒன்று தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் உயர்த்தி நேராகப் பார்க்கிறது. முதுகில் வெள்ளி பூசினது போல ஒரு திட்டு.

"வயசான கடாவுக்கு முதுகு நரைக்கும் அண்ணாச்சி. பெண்ணாட்டுக்கு வராது. அப்ப ஃபிலிம் கேமரா. விடியுமுன்ன ஏறி உக்காந்திருந்தேன். திரும்பி ஒரு பார்வ பாத்துது. பட்டனை ஒரு தட்டு. ஃபிலிம் முடிஞ்சுது."

படத்தை விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது போல. "புடிச்சிருக்குல்லா? வச்சுக்கோங்க. சம்பந்தி ஆகப்போறோம்."

பதிலுக்கு நான் வரையாட்டு ஸ்டாம்ப் இரண்டில் ஒன்றைக் கொடுத்தேன். வெறும் விரலால் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெறும் விரலால், ட்வீசர் இடுக்கி இல்லாமல்! கண்ணை மூடிக்கொண்டேன். கட்டளை 3.

முப்பதாம் தேதி ஞாயிறு, எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவு. நித்யா முகத்தைப் பார்த்தேன். விளக்குப் போட்டது மாதிரி.

படம் தலையணைக்கு அடியில். நாளை சனி. போஸ்டாபீஸ் உண்டு.


நவம்பர் 15, சனி. திரும்பும் பஸ்ஸில். எழுத்து ஆடுகிறது.

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

போஸ்டாபீஸ் திறந்ததும் உள்ளே நான். வெள்ளைத் துண்டு முதுகில். கவுண்டரில் ஒரு மலையாளத்து அம்மா. படத்தின் மேல் ஸ்டாம்பை ஒட்டி நீட்டினேன்.

"எந்தா சேட்டா இது? ஃபோட்டோ மேலயோ ஸ்டாம்ப்? மறுபக்கம் அல்லே ஒட்டணும்?"

விளக்கினேன். பாதி தமிழ், பாதி மலையாளம், பாக்கி கை. அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "இத்ர அழகுள்ள ஆடினெ ஞான் குத்தணுமோ?" இவ்வளவு அழகான ஆட்டைக் குத்துவதா என்று அவருக்குத் தயக்கம். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே குத்து. வட்டமாக, கூர்மையாக, பாதி ஸ்டாம்பில், பாதி பனியில். நான் குனிந்து பவுடரைத் தூவி ஊதினேன். அப்படி ஒரு சீல் என் ஆயுளில் விழுந்ததில்லை. அந்த இடத்தில் எனக்கு ஆடவேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்தால் முத்துராஜ் பால் பாத்திரத்தோடும் கேமராவோடும் அப்போதுதான் நுழைகிறார். "போஸ்டாபீஸ் சன்னல் வழியா ஒங்கள ஒரு படம் புடிச்சேன் அண்ணாச்சி. லெட்டரா போட்டீக?"

"லெட்டரா! இதப் பாருங்க" என்று நீட்டினேன்.

மெச்சுவார் என்று நின்றேன். கட்டிப்பிடிப்பார் என்றுகூட நினைத்தேன். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத மே.கா., அவர் எடுத்த படத்தில். ஒரு படத்துக்கு இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்?

அவர் படத்தைப் பார்த்தார். கட்டைவிரல் சீலின் ஓரத்தைத் தொட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்து போச்சு. "சரி" என்றார். படத்தை என் கையில் வைத்தார். பின்பக்கம் போய்விட்டார். பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

காப்பி வரவில்லை. பேச்சியம்மா, "அவுக அப்படித்தான், நீங்க சாப்புடுங்க" என்றார். சாப்பிட்டோம். பஸ் ஏற்ற அருண் மட்டும். வெள்ளைத் துண்டை அவனிடம் கொடுத்தனுப்பினேன். முப்பதாம் தேதி பற்றி யாரும் பேசவில்லை.

சரோஜா பக்கத்து சீட்டில். நித்யா மூணாறிலேயே இறங்கிக்கொண்டாள். மறையூர் தாண்டியாச்சு. ஒரு வார்த்தை இல்லை.


நவம்பர் 16, ஞாயிறு

பாலக்காட்டில் கல்பாத்தித் தேர்த் திருவிழா. போனில் ஒவ்வொருவரும் படம் அனுப்புகிறார்கள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மே.கா. ஆல்பத்தில், அதன் பக்கத்தில், அதன் உறையில். திறந்து பார்த்தேன். அழகுதான். நான் என்ன தப்புச் செய்தேன்? கொடுத்த படம். வச்சுக்கோங்க என்று சொன்ன படம். கிழித்தேனா? எரித்தேனா?

சரோஜாவிடம் இதைச் சொன்னேன். மாட்டிடம் போய் ஏதோ பேசினாள். மாடு தலையாட்டியது.


நவம்பர் 17, திங்கள்

மோட்டார் சரியானது. வேறெதுவும் சரியில்லை.

நித்யா போன். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. அமைதியாகப் பேசினாள்.

"அப்பா, அந்தப் படம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. நெகட்டிவ் ஈரத்துல பூஞ்சை புடிச்சுப் போயிருச்சாமா. அப்புறம் எத்தனையோ ஆட்டை எடுத்துட்டாரு, ஆனா அது மாதிரி எதுவும் திரும்பிப் பாக்கலையாமா. அதைத்தான் உங்களுக்குக் குடுத்தாரு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மாமா கேமராவைத் தொடலைங்கறாங்க. முப்பதாந் தேதியைக் கேட்டா, பாப்பம்ங்கறாராமா."

வைத்தபின் ஆல்பத்தைத் திறந்தேன். என் ஸ்டாம்ப் ஒன்றின் மேல் யாராவது பால்பாயிண்டால் 'அன்புடன்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். தெருவே கேட்டிருக்கும். அந்த மனுஷன் 'சரி' என்றுவிட்டுப் போனார்.

தேவிகுளத்துக்குப் போன் போட்டேன். பேச்சியம்மா எடுத்தார். "குளிக்காக" என்றார். கொஞ்சம் கழித்துப் போட்டேன். அப்போதும் குளிக்கிறாராம். அந்தக் குளிரில் எவன் அப்படிக் குளிப்பான்?


நவம்பர் 18, செவ்வாய்

செய்துவிட்டேன். கை இன்னும் ஸ்பிரிட் வாடை.

காலையெல்லாம் யோசனை. ஸ்டாம்பைக் காகிதத்திலிருந்து எப்படிக் கழற்றுவது என்று என்னைவிடத் தெரிந்தவன் சித்தூரில் இல்லை. தண்ணீரில் போட்டால் பசை கரையும், ஸ்டாம்ப் தானே மிதந்து வரும். ஃபோட்டோ தாங்குமா? தாங்கும். பழைய ஃபோட்டோ இருட்டறையில் தண்ணீர்த் தட்டில் பிறந்ததுதானே. இத்தனை வருஷம் அது எனக்கு உறைக்கவில்லை, அவர் தட்டும் என் தட்டும் ஒன்றுதான்.

ஆனால் கழற்றிவிட்டால் மே.கா. இல்லை. அந்தச் சீல் இல்லை. அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்திய சீல். கண்காட்சி இல்லை.

ஆல்பத்தை மூடினேன், திறந்தேன், மூடினேன். சன்னலைச் சாத்தினேன். தட்டில் தண்ணீர் ஊற்றிப் படத்தை இறக்கினேன்.

ஸ்டாம்ப் மெல்லக் கழன்றது, அடம் பிடிக்காமல். ட்வீசரால் எடுத்தேன், பாதி சீலோடு. பனியில் விழுந்த பாதிக்குப் பஞ்சும் ஸ்பிரிட்டும். துடைக்கிறது இல்லை, ஒற்றுவது. ஒற்றி ஒற்றி. எழுத்துப் போனது. வட்டத்தின் ஓரம் மட்டும் மங்கலாக நின்றுவிட்டது, ஆட்டின் தலைக்கு மேலே. அதற்கு மேல் தேய்த்தால் பனியும் போய்விடும். விட்டுவிட்டேன்.

ஆடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "என்னடா பாக்கறே" என்றேன்.

சரோஜா உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள், தனியாகக் கிடந்த ஸ்டாம்பைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் ஸ்பிரிட் பட்டுவிட்டது என்றேன்.

"ஆமாமா, ஸ்பிரிட்டுத்தான்" என்றாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு. காப்பியில் சர்க்கரை இரண்டு மடங்கு.


நவம்பர் 19, புதன்

படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஸ்பீட் போஸ்ட். கூட ஒரு கடிதம். பத்துத் தாள் கிழித்த பிறகு வந்தது இவ்வளவுதான்:

'முத்துராஜண்ணனுக்கு. எங்கள் ஆட்களுக்கு ஒரு பொருள் பிடித்தால் அதன் மேல் ஸ்டாம்ப் ஒட்டிச் சீல் குத்தத்தான் தெரியும். வேறு மாதிரி அன்பு காட்டத் தெரியாது. ஸ்டாம்பைக் கழற்றிவிட்டேன். ஒரு வளையம் போகவில்லை. கோபத்தை என் மேல் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் மேல் வேண்டாம். கந்தசாமி.'

சரோஜா வாசித்துவிட்டு, "ரண்டாவது வரியை எனக்குச் சொல்லியிருந்தா நானும் ஒரு ஸ்டாம்ப் வாங்கி நெத்தியில ஒட்டிட்டிருப்பேனுங்க" என்றாள்.


நவம்பர் 21, வெள்ளி

காற்று. கள் இறக்க வருகிறவர் இரண்டு நாளாக மரம் ஏற முடியவில்லை என்றார். அரிசி, பருப்பு வாங்கவேண்டும். முப்பதாம் தேதிக்குச் சமையலுக்குச் சொல்வதா வேண்டாமா? சரோஜா சொல்லிவிட்டாள். "வரலைன்னா நம்மளே தின்னுக்கலாம்."

போன் இல்லை.


நவம்பர் 24, திங்கள்

எப்படி எழுத, எங்கே ஆரம்பிக்க!

தபால்காரர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க கந்தசாமியண்ணா, கார்டுல ஸ்டாம்பே இல்லைன்னு பாத்தனுங்க. திருப்புனா உங்க தலைக்கு மேல இருக்குதுங்க!"

வாங்கிப் பார்த்தேன். ஃபோட்டோ கார்டு. படத்தில் நான். போஸ்டாபீஸ் சன்னல் வழியாக எடுத்தது. கவுண்டர் மேல் குனிந்து, பவுடரை ஊதிக்கொண்டே, கண்ணை மட்டும் உயர்த்தி அந்த அம்மாவைப் பார்க்கிறேன். முதுகில் வெள்ளைத் துண்டு. மூலையில், படத்தின் மேலேயே, நான் கொடுத்த வரையாட்டு ஸ்டாம்ப். அதன் மேல் தேவிகுளம் சீல், பாதிக்குப் பாதி. அளவெடுத்தது மாதிரி.

பழக்கதோஷம், முதலில் சீலின் தேதியைத்தான் பார்த்தேன். 18. நான் ஆட்டைத் தண்ணீரில் இறக்கிய அதே நாள். அன்றைக்கு என் கடிதம் இங்கிருந்து கிளம்பியிருக்கவே இல்லை.

பின்பக்கம், அவர் கையெழுத்து:

'அண்ணாச்சி, ரெண்டு நாள் கோவம் இருந்தது உண்மை. இன்னைக்கு கேமராவுல இருந்த படங்களைப் பெருசாக்கிப் பாத்தேன். பச்சப்புள்ளைக்குப் பவுடர் போடுத மாதிரி என் ஆட்டுக்குப் போடுதீக. எனக்கே அதுமேல அம்புட்டுப் பிரியம் இருந்துச்சான்னு யோசிச்சேன். படம்: முதுகு நரைச்ச கடா. ஸ்டாம்பு: வரையாடு. ஊர்: தேவிகுளம். மூணும் ஒத்துப்போகுதா, பாத்துச் சொல்லுங்க. முப்பதாம் தேதி வாறோம். என் ஆட்டைச் சீலோட எடுத்து வைங்க, கூட வார எல்லாருக்கும் காட்டணும். முத்துராஜ்.'

சீலோட!

"சரோசா! சீலோட கேக்கறாரு! கழுவிட்டனே!"

அவள் கார்டைப் பிடுங்கிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், ஸ்டாம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர். ஸ்பிரிட் இல்லை.

போன் போட்டேன். இந்த முறை அவரே எடுத்தார். சனிக்கிழமையே பார்சல் வந்துவிட்டதாம். ஏன் பேசவில்லை என்றால், கார்டு எனக்கு வந்து சேரட்டும் என்று இருந்தாராம்.

"ஒலகத்துலயே ஒண்ணுதான்னு எஸ்டேட் பூரா சொல்லி வச்சிருக்கேன் அண்ணாச்சி. நீங்க கழுவி அனுப்பிட்டீகளே!"

"அதான் வேணும்னு நீங்க சொல்லலைங்களே!"

"நீங்க கேட்டீகளா?"

"நீங்க குளிச்சிட்டே இருந்தீங்க!"

இரண்டு பக்கமும் கத்தல். பின்னால் பேச்சியம்மா, "சண்டையா, சிரிப்பா?" என்று கேட்டது காதில் விழுந்தது. எனக்கும் தெரியவில்லை.

நித்யாவுக்குப் போன் செய்தேன். "வர்றாங்க கண்ணு" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். இப்போதுதான் அழுகிறாள். அழட்டும். இது வேறு அழுகை.

ஒரு சிக்கல். ஒருதரம் சீல் விழுந்த ஸ்டாம்பை மறுபடி ஒட்டக் கூடாது. இருந்தது இரண்டு. ஒன்று கழன்றது. மற்றது என் தலைக்கு மேல்.


நவம்பர் 30, ஞாயிறு

காற்று நின்றது மாதிரி ஒரு காலை. பந்தல் துணி ஆடவே இல்லை.

ஒரு ஜீப், ஒரு வேன் நிறையத் தேவிகுளம். எல்லோரும் ஸ்வெட்டரோடு இறங்கி, இங்கே இருக்கிற வெயிலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அண்ணன் வந்திருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பேச்சியம்மா அவர் கையில் எஸ்டேட் தேயிலைப் பொட்டலத்தைக் கொடுத்து, "அண்ணாச்சிக்கு நானே போட்டுத் தாரேன்" என்று அடுப்படிக்கே போய்விட்டார். இரண்டு டம்ளர் குடித்தார் அண்ணன். அதற்கப்புறம் முகம் தானே இறங்கிவிட்டது.

வெற்றிலை பாக்கு மாற்றியாச்சு. நித்யா பச்சைப் பட்டு. அருண் இன்றைக்கும் கொட்டாவி விட்டான், பயணக் களைப்பு. மன்னித்தேன்.

சாப்பிட்டபின் முத்துராஜ் என்னை மேஜைக்கு இழுத்துப் போனார். பையிலிருந்து ஆட்டுப் படத்தை எடுத்தார். தலைக்கு மேலே அந்த மங்கின வளையம், நிலா மாதிரி. நான் ஸ்பிரிட்டை எடுத்தேன், இன்னொருதரம் ஒற்றிப் பார்க்கிறேன் என்று.

கையைப் பிடித்துக்கொண்டார். "அது இருக்கட்டும் அண்ணாச்சி. இது இல்லேன்னா இந்தக் கதய எவன் நம்புவான்?"

"அப்ப இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க."

"எங்கிட்டயே. ஆனா ஒங்க ஆல்பத்துல பக்கம் காலியாக் கெடக்குமே?"

ஆல்பத்தைத் திறந்து காட்டினேன். யானை, மயில், சிங்கவால் குரங்கு. அடுத்த பக்கம், மேலே என் பழைய எழுத்தில் 'வரையாடு'. உறைக்குள் நான், வெள்ளை முதுகோடு, பவுடர் ஊதிக்கொண்டு.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் தோளில் கைபோட்டார். சிரிப்பில் குலுங்கினார். சரோஜா எட்டிப் பார்த்து, "ஏனுங்க சம்பந்தி, கண்காட்சிக்காரங்க ஒத்துக்குவாங்களா?" என்றாள். அதெப்படி ஒத்துக்கொள்வார்கள், ஒரு பொருத்தமும் இல்லாத கார்டு என்று நான் குறுக்கே சொன்னேன். "என்ற கண்ணுக்கு எல்லாம் பொருந்தித்தான் இருக்குது" என்றாள்.

அனுப்பத்தான் போகிறேன். வேண்டாம் என்பவர்கள் வந்து என்னிடம் சொல்லட்டும்.

வெளியில் முத்துராஜ் கூப்பிடுகிறார். படத்துக்கு எல்லோரும் நின்றாயிற்றாம், நான்தான் பாக்கியாம். அந்தக் கடா மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வரச் சொல்கிறார். அந்த வெள்ளைத் துண்டை வேறு கொண்டுவந்திருக்கிறார், இந்த வெயிலில்!